ஒரு கூம்புச் சங்கின் நாமகரணம்

இராமேசுவரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், சங்கு வளையலும் சோழிமாலையும் பாசிமணியும் குவித்துவைத்து விற்கும் கடை ஒன்றிலே பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரு சிறு சங்கு, இந்த அத்தியாயத்தை எழுதும் இவ்வேளையில், காகிதங்கள் பறக்காதிருக்க வைத்த பாரமாக என் மேசைமீது கிடக்கிறது. ஆட்காட்டி விரலின் நீளந்தான் இருக்கும். ஆணி கீழாக நிற்கும் பம்பரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பம்பரத்தின் தலைமீது சுருண்டு சுருண்டு ஏறும் ஒரு குட்டிக் கோபுரத்தை அமைத்து, உடம்பு முழுவதையும் தேன் நிறத்தில் தோய்த்து, அதன்மேல் வெண்ணிற முக்கோணங்களைச் சிறிதும் பெரிதுமாக வாரியிறைத்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கிறது அது. "இது எந்தக் கடலில் கிடைத்தது?" என்று அன்று கடைக்காரரைக் கேட்டேன். "எல்லாம் நம்ம கடல்தாங்க ஐயா" என்றார். அந்த மறுமொழியில் இருந்த உரிமையும் பெருமிதமும் என் மனத்துக்கு இதமாகவே இருந்தன. ஆயினும் ஒரு சங்கு இன்னது என்று நிச்சயிக்க முற்படுகிறவனுக்கு அது எவ்வளவு போதாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

கூம்பு நத்தைகள் யாவும் வேட்டையாடிப் பிழைப்பவை. அவற்றுள் பெரும்பாலானவை கடற்புழுக்களையும், சில பிற நத்தைகளையும், இன்னும் சில, கேட்பதற்கே ஆச்சரியமாக, தம்மினும் பன்மடங்கு விரைந்து நீந்தும் மீன்களையும் விஷப்பல்லால் குத்தி வீழ்த்தி உண்கின்றன. கோனஸ் என்னும் பேரினப் பெயரால் நெடுங்காலமாக வழங்கிவரும் இக்குடும்பத்தில் இன்று அங்கீகரிக்கப்பட்ட இனங்கள் எண்ணூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் கணிசமானவை நம் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலின் மேற்குக் கரையோரத்திலும் வாழ்கின்றன. எல்லாம் ஒரே பம்பர வடிவம். எல்லாவற்றுக்கும் நீண்டு ஒடுங்கிய வாய். எல்லாம் வர்ணக் கோலம் பூண்டவை. இந்தப் பெருங்கூட்டத்தினிடையே ஒன்றைச் சுட்டிக்காட்டி, "இது இன்னதுதான், பிறிதொன்றன்று" என்று உறுதி கூறுவதற்கு என்ன வழி?

முதலில் கண்ணை இழுப்பது கோலந்தான். முதலில் ஏமாற்றுவதும் அதுவே. சங்கின் மேற்புறத்துச் சித்திரம் ஓவியன் திரைச்சீலையில் தீட்டுவதுபோல ஒரே காலத்தில் முழுமையாகத் தீட்டப்படுவதன்று. நத்தையின் உடலைப் போர்த்தியிருக்கும் சவ்வின் விளிம்பு, வளர்ந்துகொண்டே போகும் சங்கின் உதட்டோரத்தில் மட்டும், சுண்ணாம்போடு நிறத்தையும் சேர்த்து ஒரு வரி ஒரு வரியாகக் கசியவிடுகிறது; தறியில் ஊடை ஒவ்வொன்றாகச் சேரச் சேரத் துணியில் பூ விரிவதுபோல, அந்த வரிகள் சேரச் சேரத்தான் முக்கோணமும் அலைக்கோடும் உருவெடுக்கின்றன. ஆகவே ஒரு கூம்புச் சங்கின் கோலம் என்பது அதன் வாழ்நாள் சரித்திரம் என்றே கொள்ளலாம். ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகளின் சரித்திரம் ஒன்றுபோல் இராதது போலவே, ஒரே இனத்துச் சங்குகள் இரண்டின் கோலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். உயிரோடிருக்கையில் இந்தச் சங்குகளைப் பெரும்பாலும் ஒரு மெல்லிய மேல்தோல் மூடியிருக்கிறது; சில இனங்களில் அத்தோல் தடித்து, கபில நிறங்கொண்டு, உள்ளிருக்கும் வர்ணத்தை முற்றிலும் மறைத்துவிடுகிறது. நாம் வியந்து போற்றும் அழகு, மணலுக்குள் புதைந்து பகலைக் கழிக்கும் அந்தப் பிராணியின் வாழ்வில் எவர் கண்ணிலும் படாமலே போகக்கூடும் என்று எண்ணும்போது எனக்கு எப்போதும் ஒரு திகைப்பு உண்டாகிறது. கடைக்காரர்களோ அத்தோலை அமிலத்தில் கரைத்து, மெருகேற்றி, எண்ணெய் தடவி நம் கையில் தருகிறார்கள். அடையாளத்தில் ஒரு பங்கு அங்கேயே கழுவப்பட்டுவிடுகிறது.

கண் எவ்வளவு எளிதில் தவறும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஒல்லாந்தின் மகாசித்திரக்காரர் ரெம்பிராண்ட் 1650-இல் பளிங்குக் கூம்பு என்னும் சங்கு ஒன்றைச் செப்புத்தகட்டில் கீறி அச்சிட்டார். கறுத்த உடலில் வெள்ளைத் திட்டுகளும், தோளில் முடிசூட்டியதுபோன்ற சிறு முண்டுகளும் கொண்ட அந்தச் சங்கை, அதன் பளபளப்பும் நிழலும் கனமும் தோன்ற, எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம் போல வரைந்திருக்கிறார். ஆனால் தகட்டில் கீறியது தாளில் இடம்வலம் மாறிப் பதியும் அல்லவா? தம் கையொப்பம் நேராக வரவேண்டும் என்று அதை மாற்றிக் கீறிய அந்த மேதை, சங்கை மாற்ற மறந்துவிட்டார், அல்லது பொருட்படுத்தவில்லை. அதனால் இயற்கையில் வலப்புறம் வாய் திறக்கும் சங்கு அவர் படத்தில் இடப்புறம் வாய் திறக்கிறது. இலட்சத்தில் ஒன்றாக வரும் வலம்புரிச் சங்குக்கு நாம் எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறோம் என்பதை அறிந்த தமிழ் வாசகர், இந்தப் பிழையின் பெருமையை உடனே உணர்வார். அறிவியலார் கோபுரம் மேலாகப் பிடித்துப் பார்த்து இடச்சுழி என்று சொல்லும் சங்கைத்தான் நாம் நீர் வார்க்கும் முனை மேலாகப் பிடித்து வலம்புரி என்கிறோம்; பிடிக்கும் முறை வேறுபட்டாலும் பொருள் ஒன்றே. ரெம்பிராண்ட் தம்மை அறியாமலே ஒரு சாதாரணக் கூம்பை வலம்புரியாக்கிவிட்டார்.

ஆகையால் கோலத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு வடிவத்தைப் பார்க்கவேண்டும். என் மேசைமேல் உள்ள சங்கைக் கோபுரம் மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் நிறுத்துகிறேன். கோபுரத்தின் உச்சி ஊசிபோல் கூர்ந்திருக்கிறது. ஆனால் அதன் பக்கங்கள் நேராக இறங்காமல், கூடாரத் துணி தொய்வதுபோல் உள்வாங்கி இறங்கி, விளிம்பிலே மறுபடி விரிகின்றன. கோபுரமும் உடலும் சந்திக்கும் இடமாகிய தோள், மெருகேற்றிய பின்னும் விரல்நுனியில் உறுத்தும்படி கூர்மையாக மடிந்திருக்கிறது. தோளிலிருந்து அடிவரை உடலின் பக்கங்கள் ஏறக்குறைய நேர்கோடாகச் சரிகின்றன. இதனோடு அடிக்கடி குழப்பப்படுவது கோனஸ் டெக்ஸ்டைல். துணி என்று பொருள்படும் அப்பெயரை லின்னேயஸ் அதற்கு இட்டது மிகப் பொருத்தமே. அதுவும் பொன்னிறத்தின்மேல் வெண் முக்கோணம் பூண்டதுதான். ஆனால் அதன் தோள் உருண்டு சரிந்திருக்கும்; உடல் நடுவில் சற்றே பருத்திருக்கும்; பொன்னிறத் திட்டுகளினூடே மேலிருந்து கீழாக நெளிந்தோடும் கபிலக் கோடுகள் காணப்படும். கூரிய தோளும் உள்வாங்கிய கோபுரமும் உடைய என் சங்கு கோனஸ் அமாடிஸ். நம் தென்கிழக்குக் கரையின் இழுவலைகளில் அடிக்கடி அகப்படுவது அதுவே.

"கூர்மை", "உருட்சி" என்னும் சொற்கள் அவரவர் மனப்பாங்குக்கு ஏற்ப நீளவும் குறுகவும் கூடியவை. எனவே நிபுணர்கள் அளவுகோலை நாடினர். சங்கின் மொத்த நீளத்தில் கோபுரத்தின் உயரம் எத்தனை பங்கு, வாயின் நீளத்தில் உடலின் அகலம் எத்தனை பங்கு என்னும் இரண்டு விகிதங்களைப் பல மாதிரிகளில் கணித்து ஒப்பிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுபவை இரண்டாகப் பிரிவதும், இரண்டாகத் தோன்றியவை ஒன்றாகச் சேர்வதும் உண்டு. இம்முறையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க விலங்கியலார் ஆலன் கோன். இவர் திருகோணமலைக் கரையில் கூம்பு நத்தைகளின் வாழ்க்கையை ஆராய்ந்து 1960-இலும், இந்தியக் கடல்களின் கூம்பு நத்தைகளைப் பற்றி 1978-இலும் எழுதிய கட்டுரைகள் நமக்கு உரிய செல்வங்கள்.

இனி, வெறுங்கண்ணுக்கு எட்டாத இரண்டு சாட்சிகளைக் கூறவேண்டும். கோபுரத்தின் உச்சியில், குண்டூசித் தலையளவே உள்ள ஒரு துளி, அந்த நத்தை முட்டையிலிருந்த காலத்தும் குஞ்சாகத் திரிந்த காலத்தும் பூண்டிருந்த குழவிச் சங்கு ஆகும். அது பல சுற்றுகளோடு மிக நுண்ணியதாக இருந்தால், குஞ்சு நெடுநாள் நீரோட்டத்தில் மிதந்து தொலைதூரம் போகக்கூடியது என்று அறிகிறோம். செங்கடல் முதல் பசிபிக் தீவுகள்வரை டெக்ஸ்டைல் பரவியிருப்பது அவ்வாறே. மாறாக ஓரிரு சுற்றுகளோடு பருத்திருந்தால், குஞ்சு முட்டையை விட்டு வெளிவந்ததும் அங்கேயே ஊர்ந்து வாழத் தொடங்கிவிடுகிறது என்று பொருள். அட்லாண்டிக்கின் கேப்வெர்டே தீவுகளில் ஒரே தீவுக்கும், சில வேளைகளில் ஒரே விரிகுடாவுக்கும் மட்டும் உரிய கூம்பு இனங்கள் பல தோன்றியிருப்பதன் இரகசியம் இதுதான்.

மற்றொரு சாட்சி பல். பிற நத்தைகளுக்கு அரம்போன்ற நாக்கும் அதில் வரிசை வரிசையாகப் பற்களும் உண்டு. கூம்பு நத்தையிலோ அப்பற்கள் தனித்தனி எறியீட்டிகளாக மாறியிருக்கின்றன: காகிதத்தை உருட்டிச் செய்த குழல்போல் உள்ளே பொள்ளலாய், முனையில் முள்ளோடு, நச்சுக் குழாயிலிருந்து விஷத்தை ஏற்றுக்கொண்டு, துதிக்கை போன்ற நீட்சியின் நுனியில் ஒரு முறை பாய்ந்து அத்தோடு முடிந்துபோகும் ஆயுதம். அடுத்த இரைக்கு அடுத்த ஈட்டி. மீனுண்ணியின் பல்லில் தூண்டிலைப்போல் பின்னோக்கிய முள் இருக்கும்; புழுவுண்ணியின் பல் குட்டையாயும், நத்தையுண்ணியின் பல் நீண்டு மெலிந்தும் இருக்கும். உருப்பெருக்கியின்கீழ் ஒரு பல்லைக் காட்டினால், சங்கையே காணாத ஒரு நிபுணர் அதன் உணவைச் சொல்லிவிடுவார்; பெரும்பாலும் அதன் நெருங்கிய உறவையும் சொல்லிவிடுவார். இந்தப் பிராணி மீனைப் பிடித்து உண்ணும் என்பதை 1956-இல் உலகுக்கு ஐயமற நிறுவிக்காட்டியவரும் முற்கூறிய கோன் அவர்களே.

அந்த ஈட்டி மனிதனையும் விடுவதில்லை. கிழக்கிந்தியத் தீவுகளில் டச்சுக் கம்பெனியின் ஊழியராக வாழ்ந்து, இடைவயதில் பார்வையிழந்தும் தம் நூலைக் கைவிடாத ரம்பியஸ், பாண்டா தீவில் வலையிழுத்தபோது இத்தகைய சங்கொன்றைக் கையில் எடுத்த ஓர் அடிமைப் பெண் இறந்துபோன செய்தியை எழுதிவைத்திருக்கிறார்; அவர் மறைந்த பின் 1705-இல் அந்நூல் அச்சாயிற்று. அதன்பின் இதுவரை பதிவான மரணங்கள் முப்பதுக்குக் குறையா. அவற்றுள் மிகப் பெரும்பான்மை கோனஸ் ஜியோகிராபஸ் என்னும் மீனுண்ணியின் செயல். எது எது என்று தெரிந்துகொள்வது அறிஞர்களின் விளையாட்டு மாத்திரம் என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இப்போது பெயரிடும் விஷயத்துக்கு வருவோம். லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட தம் பெருநூலின் பத்தாம் பதிப்பில் முப்பதுக்கு மேற்பட்ட கூம்புகளுக்கு இரட்டைப் பெயர் இட்டார். விலங்கியல் நாமகரணம் அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குவதாகச் சட்டம். ஓர் இனத்துக்கு முறைப்படி முதலில் எவர் பெயரிட்டாரோ அவருடைய பெயரே நிலைக்கும். பின்னர் அறியாமல் இட்ட பெயர்கள் எத்தனை அழகானவையாயினும் ஒதுக்கப்படும். நம் அமாடிஸ் 1791-இல் கிமெலின் என்னும் ஜெர்மானியரால் அவ்வாறு பெயர் பெற்றது. பெயர் வெறும் சொல்லாக அந்தரத்தில் நிற்காதிருக்க, அதை ஒரு பொருளோடு பிணைத்துவைக்கும் ஏற்பாடும் உண்டு: புதிய இனத்தை வர்ணிப்பவர், தாம் கண்ட மாதிரிகளுள் ஒன்றை மூலமாதிரி என்று குறித்து ஒரு பொருட்காட்சிசாலையில் நிரந்தரமாக வைப்பார். நூற்றாண்டுகள் கழிந்து ஐயம் எழுந்தாலும், அந்தச் சங்கை எடுத்துப் பார்த்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். பழைய பெயர்கள் பலவற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சங்கு தொலைந்து, பழம்புத்தகத்துப் படம் ஒன்றே சாட்சியாக எஞ்சி நிற்கிறது. அப்படம் ரெம்பிராண்டின் படம்போல் இடம்வலம் மாறியிருந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பெயரிட்டவர்களுள் எவரும் டென்மார்க்கின் தலைநகரில் பாதிரியாராக இருந்த செம்னிட்ஸ் அளவுக்குத் தம் உள்ளக் களிப்பைப் பெயரிலேயே கொட்டிவைத்ததில்லை. 1777-இல் அவர் வர்ணித்த ஒரு நெடிய கூம்புக்குக் கோனஸ் குளோரியாமாரிஸ், அதாவது "கடலின் மகிமை", என்று பெயர் சூட்டினார். மெலிந்து நீண்ட உடல், நேராக உயர்ந்த கோபுரம், உருண்டு மறையும் தோள், அதன்மேல் மயிரிழைபோன்ற கோடுகளால் பின்னிய எண்ணற்ற நுண் முக்கோணங்கள்; டெக்ஸ்டைலை இழுத்து நீட்டி, அதன் நெசவை நூறு மடங்கு நுட்பமாக்கியதுபோன்ற தோற்றம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அது உலகிலேயே மிக அபூர்வமான சங்கு என்று கொண்டாடப்பட்டது. செல்வர் ஒருவர் ஏலத்தில் இரண்டாவது சங்கை வாங்கி, தம்மிடமுள்ளது ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும் என்று அதைக் காலால் மிதித்து நொறுக்கினார் என்று ஒரு கதை உண்டு. இங்கிலாந்தின் ஹியூ கமிங் 1837-இல் பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில், யாக்னா என்னும் ஊரின் கடற்பாறையில் ஒரு கல்லைப் புரட்டியபோது இச்சங்குகளைக் கண்டு ஆனந்தத்தால் மயங்கிவிழும் நிலைக்கு வந்தார் என்பதும், அப்பாறை பின்னர் நிலநடுக்கத்தில் அழிந்தது என்பதும் சங்கு சேகரிப்போர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவை. நியூயார்க்கின் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிசாலையில் இருந்த ஒன்றைக் கள்வர் 1951-இல் கவர்ந்தே சென்றுவிட்டனர். அந்தப் பத்தாண்டில் உலகம் அறிந்த மாதிரிகள் ஏறக்குறைய இரண்டு டஜன்தான். பின்னர் 1969-இல், சாலமன் தீவுகளில் குவாடல்கனாலுக்கு அப்பால் மூழ்குவோர் அதன் வாழிடத்தையே கண்டுபிடித்தனர், நூற்றுக்கணக்கில் வெளிவந்தன, விலை சரிந்தது. அபூர்வம் என்று நாம் கருதியது நம் அறியாமையின் அளவே என்பது அன்று வெளிப்பட்டது. சங்கின் மகிமையோ எள்ளளவும் குறைந்ததாக நான் நினைக்கவில்லை.

அதற்கு ஓராண்டுக்கு முன், 1968-இல், ஜப்பானிய அறிஞர் ஒகுடானி வங்கக் கடலின் ஆழத்திலிருந்து வந்த ஒரு கூம்பை வர்ணித்துப் பெங்காலென்சிஸ் என்று பெயரிட்டார். அதுவும் நெடியது, அதுவும் நேர்த்தியான முக்கோணம் பூண்டது, அவசரக்காரர் கண்ணுக்கு அது கடலின் மகிமையே. ஆனால் இன்னும் மெலிந்த உடல், பெரிதாகவும் தெளிவாகவும் அமைந்த முக்கோணங்கள், வேறு கடல், வேறு ஆழம் ஆகிய யாவற்றையும் ஒன்றுசேர்த்து நோக்கியதால்தான் நம் கடலுக்கு உரிய ஓர் இனம் தன் பெயரைப் பெற்றது. மாதிரியோடு "வங்கக் கடல்" என்னும் குறிப்பு வராமல், என் கடைக்காரர் சொன்னதுபோல் "எல்லாம் நம்ம கடல்" என்ற குறிப்பு மட்டும் வந்திருந்தால், அந்த இனம் எவர் பேழையிலோ வேறு பெயரோடு உறங்கிக்கொண்டிருந்திருக்கும்.

இந்த நுட்பத்தால் பயன் என்ன என்று கேட்பவருக்கு விஷமே விடை. ஒவ்வோர் இனமும் தனக்கே உரிய நூற்றுக்கு மேற்பட்ட சிறு புரதத் துண்டுகளைக் கலந்து விஷம் சமைக்கிறது. ஓர் இனத்தின் சமையல் மற்றோர் இனத்தினதோடு ஒத்திருப்பதில்லை. பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டமேரோ ஒலிவேராவும் அவருடைய மாணவர்களும் அமெரிக்காவில் உட்டா பல்கலைக்கழகத்தில் கோனஸ் மாகஸின் விஷத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள், அமினோ அமிலங்கள் இருபத்தைந்தே கோத்தது, சிக்கோனோடைடு என்னும் பெயரோடு 2004-இல் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. மார்ஃபினுக்கும் அடங்காத கொடிய வலியை அது தணிக்கிறது. என் மேசைமேல் காகிதத்துக்குப் பாரமாய்க் கிடக்கும் இதே அமாடிஸ் இனத்தின் விஷத்திலிருந்து, நரம்பின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் தடுக்கும் ஒரு பொருளைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பலராமின் குழுவினர் பிரித்தெடுத்து 2003-இல் விவரித்தனர். பெயர் தவறிய சங்கிலிருந்து எடுத்த விஷத்தின் ஆராய்ச்சியை மற்றொருவர் மறுபடி செய்துபார்க்க இயலாது; அந்த உழைப்பெல்லாம் வீண்.

ஆகவே வாசகரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கடற்கரையில் வெறும் சங்கு ஒன்று கிடைத்தால் அதை அமிலத்தில் இடாதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் இடத்தையும் தேதியையும், வலையில் வந்ததாயின் மீனவரைக் கேட்டு ஆழத்தையும், பென்சிலால் எழுதிச் சங்கோடு சேர்த்து வையுங்கள். மை கரைந்துபோகும், பென்சில் எழுத்து நிற்கும். உயிருள்ள கூம்பு நத்தையை, அது எவ்வளவு அழகாயினும், எந்தப் பக்கத்தாலும் கையில் எடுக்காதீர்கள். அதன் துதிக்கை நீங்கள் நினைப்பதைவிட நீளமானது. கோனஸ் மில்னெட்வர்ட்ஸி என்னும் அரிய இனத்தை நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் அமாடிஸுக்கு நானும் ஒரு சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறேன். அதில் இனப்பெயர் இருக்கிறது, கிமெலின் பெயரும் 1791 என்னும் ஆண்டும் இருக்கின்றன. கிடைத்த இடம் என்னும் வரிக்கு எதிரே ஒன்றும் இல்லை.